பந்துமூட்டு பொம்மையை எடுத்து விளையாடலாமா, பூட்டி வைக்கலாமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஜப்பானிலிருந்தோ கொரியாவிலிருந்தோ நிறையக் காசு கொடுத்து ஒரு பொம்மையை வரவழைத்தவர்களுக்குப் பெட்டியைத் திறந்ததும் கை தயங்கும். தொட்டால் அழுக்காகுமோ, மஞ்சளாகுமோ, விரல் ஒடியுமோ என்று பயம். இந்தப் பயத்தில் கொஞ்சம் நியாயமானது, மிச்சம் தேவையில்லாதது. எது எது என்று பிரித்துச் சொல்லத்தான் இந்தப் பக்கம். ரெசின் என்ற கெட்டியான பிளாஸ்டிக்கில் வார்த்த பொம்மைகளை மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். வினைலும் பீங்கானும் வேறுபடும் இடங்களில் தனியாகச் சொல்லியிருக்கிறேன்.

பந்துமூட்டு பொம்மை என்றால் எது?

தோள், முழங்கை, மணிக்கட்டு, இடுப்பு, முழங்கால், கணுக்கால் என்று மூட்டுக்கு மூட்டு ஓர் உருண்டையும் அது உட்காரும் குழியும் இருக்கும். உடம்புக்குள் வெற்றிடம். அதன் வழியாக எலாஸ்டிக் கயிறு ஓடி, துண்டு துண்டான உடம்பை இழுத்துப் பிடித்திருக்கும். கயிற்றின் இழுப்பும் உருண்டைக்கும் குழிக்கும் இடையிலான உராய்வும் சேர்ந்துதான் பொம்மையை நிற்கவும் உட்காரவும் வைக்கின்றன. கையைத் தூக்கிவிட்டால் தூக்கியபடியே நிற்க வைக்கின்றன.

அமைப்பு பழையது. ஐரோப்பாவில் 16ஆம் நூற்றாண்டிலேயே மரத்தில் இப்படி மூட்டு வைத்த உருவங்கள் செய்திருக்கிறார்கள். 1930களில் ஜெர்மனியில் ஹான்ஸ் பெல்மெர் என்ற கலைஞர் பந்துமூட்டை வைத்து பொம்மைகள் செய்து படம் எடுத்தார். 1960களில் அந்தப் படங்களைப் பார்த்துத்தான் ஜப்பானில் யோட்சுயா சிமோன் இந்த வழிக்கு வந்தார். அவை கலைக்கூடத்துப் பொருட்கள். இன்று நாம் வாங்கும் வகை 1999இல் வந்தது: கியோட்டோவின் வோக்ஸ் நிறுவனம் 'சூப்பர் டால்ஃபி' என்ற பெயரில் சுமார் 57 செ.மீ. உயரப் பொம்மைகளை வெளியிட்டது. நாமே ஒட்டிச் சேர்த்து வண்ணம் பூசும் உருவக் கிட்டுகளை விற்றுவந்த நிறுவனம் அது. அந்தக் கிட்டுகளின் பாலியூரிதேன் ரெசினே பொம்மைக்கும் வந்து சேர்ந்தது. அப்புறம் கொரியாவில் லட்ஸ், ஃபேரிலேண்ட், சூம், ஐபிள்ஹவுஸ் என்று பல நிறுவனங்கள் முளைத்தன. பின்னாலேயே சீன நிறுவனங்களும் வந்தன.

அளவில் மூன்று வகை அதிகம் புழங்குகிறது. மனித உயரத்தில் மூன்றில் ஒரு பங்கு (ஏறக்குறைய 60 செ.மீ.), நான்கில் ஒரு பங்கு (40 செ.மீ. சொச்சம்), ஆறில் ஒரு பங்கு (26 செ.மீ. அளவில்).

இது விளையாடச் செய்ததா, பார்க்கச் செய்ததா?

விளையாடச் செய்தது. இதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பொம்மையின் உடம்பைப் பாருங்கள். தலையின் பின்பக்க மூடி தனியாகக் கழல்கிறது, உள்ளே கைவிட்டுக் கண்ணை மாற்றுவதற்காக. முடி ஒட்டப்படவில்லை, விக்காக வருகிறது. கை கொக்கியில் மாட்டியிருக்கிறது, வேறு கை மாட்டுவதற்காக. பல பொம்மைகள் முகத்தில் வண்ணமே இல்லாமல் வருகின்றன, வாங்கியவர் தன் விருப்பப்படி வரைந்துகொள்ளட்டும் என்று. அலமாரியில் நின்று பார்க்கப்படுவதற்கு மட்டும் என்றால் முழங்கையில் இரட்டை மூட்டு வைக்க ஒருவர் மாதக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொண்டிருக்க மாட்டார்.

செய்தவர்களும் அப்படித்தான் நினைக்கிறார்கள். கியோட்டோவில் வோக்ஸ் நடத்தும் 'தென்ஷி நோ சாத்தோ' என்ற இடத்துக்கு மக்கள் தங்கள் பொம்மைகளைத் தூக்கிக்கொண்டு வருகிறார்கள். தோட்டத்தில் உட்கார வைத்துப் படம் எடுக்கிறார்கள்.

ஆனால் இந்த விளையாட்டு பெரியவர்களின் விளையாட்டு. உடை மாற்றுவது, நிற்க வைப்பது, ஒரு முகத்துக்கு எந்தக் கண் பொருந்தும் என்று ஒன்றன் பின் ஒன்றாகப் போட்டுப் பார்ப்பது, ஒரு கதைமாந்தராக அதை வளர்ப்பது. வீசி எறிவதும் குளிப்பாட்டுவதும் இதில் சேராது.

அடிக்கடி தொட்டால் ரெசின் மஞ்சளாகிவிடுமா?

தொடுவதால் மஞ்சளாகாது. மஞ்சளாக்குவது முக்கியமாக வெளிச்சம், அதிலும் புறஊதாக் கதிர். பாலியூரிதேன் ரெசினின் வேதிக் கட்டமைப்பைப் புறஊதா மெல்ல மெல்ல மாற்றுகிறது. அந்த மாற்றம்தான் கண்ணுக்கு மஞ்சளாகத் தெரிகிறது. வெப்பமும் காற்றிலுள்ள ஆக்சிஜனும் அதே வேலையை இன்னும் மெதுவாகச் செய்கின்றன. கை எண்ணெயும் வியர்வையும் மேலே அழுக்குப் படியச் செய்யும். அது கழுவினால் போகும். மஞ்சள் போகாது.

இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். பத்திரம் என்று நினைத்துக் கண்ணாடி அலமாரியில் வைத்துப் பூட்டுகிறார்கள். அலமாரி ஜன்னலுக்கு எதிரே இருக்கிறது. சாதாரண ஜன்னல் கண்ணாடி புறஊதாவில் ஒரு வகையை நிறுத்திவிடும். யுவி-ஏ எனப்படும் வகையோ பெரும்பகுதி உள்ளே வந்துவிடும். ஆக, யார் கையும் படாமல் ஐந்து வருடம் நின்ற அந்தப் பொம்மை, தினமும் கையில் எடுக்கப்பட்டு இருட்டான பீரோவில் தூங்கிய பொம்மையைவிட மோசமான நிறத்தில் இருக்கும்.

இன்னொன்றும் உண்டு. ஒரே உடையில், ஒரே நிலையில் வருடக்கணக்கில் நிற்கும் பொம்மைக்கு உடை மறைத்த இடம் வெளுப்பாகவும் முகமும் கையும் மஞ்சளாகவும் ஆகிவிடும். சட்டையைக் கழற்றினால் கழுத்தைச் சுற்றிக் கோடு போட்டது போலத் தெரியும். அடிக்கடி உடை மாற்றி, இடம் மாற்றி வைக்கும் பொம்மைக்கு நிறம் மாறினாலும் சீராக மாறும். சீராக மஞ்சளான பொம்மை பழைய தந்தத்தின் நிறத்தில் அழகாகத்தான் இருக்கும். திட்டுத் திட்டாக ஆனதை ஒன்றும் செய்ய முடியாது.

யுவி தாங்கும் ரெசின் என்று விற்கிறார்களே என்றால், அது வேகத்தைக் குறைக்கும், நிறுத்தாது.

அப்படியானால் வந்த பெட்டியிலேயே வைத்துவிட்டால்?

வெளிச்சத்திலிருந்து தப்பும். அவ்வளவுதான். எலாஸ்டிக் இழுபட்ட நிலையிலேயே கிடந்து சில வருடத்தில் தளரும். தொட்டாலும் தளரும், தொடாவிட்டாலும் தளரும். பெட்டிக்குள் இருக்கும் நுரைப்பஞ்சு நாளாக ஆகப் பிசுபிசுத்து உதிரக்கூடியது. போட்டு அனுப்பிய கருப்பு உடையைக் கழற்றாமல் விட்டால் சாயம் ரெசினில் இறங்கிவிடும். பெட்டியில் வைப்பது தப்பில்லை. வைத்துவிட்டு மறந்துவிடுவதுதான் தப்பு. சில மாதத்துக்கு ஒருமுறையாவது திறந்து, உடையைக் கழற்றி, மூட்டுகளை அசைத்துப் பாருங்கள்.

உண்மையில் எந்தெந்த இடம் எளிதில் கெடும்?

முதலில் முகம். முகத்து வண்ணத்தை இந்த வட்டாரத்தில் ஃபேஸ்அப் என்பார்கள். சாக்பீஸ் போன்ற பாஸ்டல் வண்ணத் தூளும் வாட்டர்கலர் பென்சிலும் அக்ரிலிக்கும் மெல்லிய அடுக்குகளாகப் பூசி, அடுக்குக்கு அடுக்கு பளபளப்பில்லாத மேட் ஸ்ப்ரே அடித்து உருவாக்குவது அது. ரெசினுக்குள் ஊறியது அல்ல, மேலே உட்கார்ந்திருக்கிறது. நகம் பட்டால் கீறும். மூக்கு நுனி, உதடு, கண்ணோரக் கோடுகள்தான் முதலில் போகும். உடம்பிலும் வண்ணம் தீட்டியிருந்தால் மூட்டு உரசும் இடங்களில் அது தேயும். அது எப்படியும் நடக்கும். மூட்டில் வண்ணம் வேண்டாம் என்று சொல்லியே வாங்குவது நல்லது.

அடுத்தது விரல்கள், அதிலும் தனியாக நீட்டிய சுட்டுவிரலும் சுண்டுவிரலும். மூன்றாவதாக மணிக்கட்டின் விளிம்பு. உள்ளே இரும்புக் கொக்கி இழுத்துக்கொண்டிருப்பதால் அஜாக்கிரதையாக விட்டால் ரெசின் விளிம்பில் சில்லு தெறிக்கும். மற்றபடி தொடை, முதுகு, மார்பு, கால் எல்லாம் நல்ல கெட்டி. அங்கெல்லாம் பயப்படாமல் பிடிக்கலாம்.

எப்படித் தூக்குவது?

ஒரு கை இடுப்புக்கு, இன்னொரு கை பிடரிக்கு. பெரிய பொம்மைகளுக்குத் தலை கனம். பிடரியைத் தாங்காமல் தூக்கினால் தலை சட்டென்று பின்னால் சாயும். முகத்தைப் பிடிக்கக் கை தானாகப் போகும், அங்கேதான் கீறல் விழும். கையைப் பிடித்துத் தூக்கவே கூடாது. விக்கைப் பிடித்தால் விக் மட்டும் கையோடு வரும். குப்புறப் படுக்க வைக்க வேண்டாம்.

கையுறை போட வேண்டுமா?

வேண்டாம். துணிக் கையுறை வழுக்கும், பொம்மை கைதவறும். சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்த வெறும் கையே போதும். தேங்காய் எண்ணெய் தேய்த்த கை, சன்ஸ்கிரீன் பூசிய கை, மஞ்சள் அரைத்த கை, காயாத மருதாணி வைத்த கை மட்டும் அருகில் வரக்கூடாது. மோதிரத்தையும் வளையலையும் கழற்றி வைத்துவிட்டு உட்காருங்கள். முகத்தில் கீறல் போடுவதில் அவற்றுக்குப் பங்கு அதிகம்.

உடை மாற்றும்போதுதான் பயமாக இருக்கிறது. எப்படிச் செய்வது?

பயப்பட வேண்டிய இடம் சரியாகத்தான் தெரிந்திருக்கிறது. விபத்துகளில் பெரும்பாலானவை இங்கேதான் நடக்கின்றன.

தலைவழியாகப் போடும் உடையானால் முதலில் விக்கை எடுத்துவிடுங்கள். முகத்தின் மேல் ஒரு மெல்லிய பட்டுத் துணியைச் சுற்றிவிட்டு உடையை இறக்குங்கள். கழுத்து சின்னதாக இருந்தால் தலையையே கழற்றிவிடுவது மேல். முதல் தடவை மனசு கேட்காது, அப்புறம் பழகிவிடும். பின்பக்கம் முழுவதும் திறக்கிற உடையாகப் பார்த்து வாங்கினால் இந்தப் பாடே இல்லை.

சட்டைக் கைதான் சிக்கல். விரல்கள் உள்ளே தையல் நூலில் மாட்டும்; தெரியாமல் இழுத்தால் ஒடியும். மெல்லிய பிளாஸ்டிக் பையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, பொம்மையின் கை முழுவதையும் மூடி, நுனியை விரல்களுக்கு முன்னால் கூம்பாக முறுக்கிவிடுங்கள். அந்த நுனியை முதலில் சட்டைக் கைக்குள் விட்டால் மொத்தக் கையும் வழுக்கிக்கொண்டு மறுபக்கம் வரும். வந்ததும் பிளாஸ்டிக்கை உருவிவிடலாம்.

ரொம்ப இறுக்கமான சட்டை என்றால் கையைக் கழற்றத்தான் வேண்டும். மணிக்கட்டைக் கொஞ்சம் வெளியே இழுத்தால் உள்ளே எஸ் வடிவக் கொக்கி தெரியும். கொக்கியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு பொம்மைக் கையைத் திருப்பினால் குறுக்குக் கம்பியிலிருந்து அது விலகும். இப்போது கொக்கியை விட்டுவிடக் கூடாது. விட்டால் எலாஸ்டிக் அதைக் கைக்குழாய்க்குள் இழுத்துக்கொண்டு போய்விடும், அப்புறம் தோள்வரை எல்லாம் கலகலத்துவிடும். கொக்கியின் வளைவுக்குள் ஒரு பென்சிலைக் குறுக்காகச் செருகி வைத்துவிட்டால் அது அப்படியே நிற்கும். திரும்ப மாட்டும்போதும் அவசரமாக விடாமல், கையைப் பிடித்தபடி மெல்லக் குழிக்குள் இறக்க வேண்டும். 'டக்' என்று அடித்து உட்கார்ந்தால் ஒருநாள் விளிம்பு தெறிக்கும்.

கருப்பு, சிவப்பு உடை போடலாமா?

துணியில் சாயம் போகிறதா என்று பார்த்துவிட்டுப் போடலாம். வெள்ளைத் துணியை நனைத்து உடையின் உட்புறத்தில் அழுத்தித் தேயுங்கள். நிறம் ஒட்டினால் ஒட்டாத வரைக்கும் துவையுங்கள். அதற்குப் பிறகும் சந்தேகம் இருந்தால் உள்ளே வெள்ளை ஒட்டுடை ஒன்று போட்டு, படம் எடுத்து முடித்ததும் கழற்றிவிடுங்கள். ஜீன்ஸ், கருப்பு வெல்வெட், செயற்கைத் தோல் மூன்றும் கொஞ்சம் கூடுதல் சந்தேகத்துக்கு உரியவை.

ரெசினில் லேசாக ஏறிய கறையை ஈரமான மெலமைன் ஸ்பாஞ்சால் தேய்த்து எடுத்துவிடலாம். அது மிக நுண்ணிய உப்புத்தாள் மாதிரி வேலை செய்வதால் அதே இடத்தைத் திரும்பத் திரும்பத் தேய்க்கக் கூடாது, வண்ணம் தீட்டிய இடத்துக்குக் கொண்டுபோகவே கூடாது. வோக்ஸின் டால்ஃபி டிரீம் போன்ற வினைல் பொம்மை வைத்திருப்பவர்கள் இந்த விஷயத்தில் இரட்டிப்புக் கவனமாக இருக்க வேண்டும். மென்மையான வினைலுக்குள் சாயம் ஆழமாக இறங்கிவிடும். தேய்த்து எடுக்க வழியில்லை.

கண்ணும் விக்கும் மாற்றுவது ஆபத்தா?

இல்லை, இந்தப் பொழுதுபோக்கின் பெரிய சந்தோஷமே அதுதான். விக்கை நெற்றியிலிருந்து பின்னோக்கிக் கழற்றுங்கள். நெற்றி வண்ணத்தின் மேல் உரசாது. கண் உள்பக்கமிருந்து, மாவு போலப் பிசையக்கூடிய ஒட்டுப்பசையால் (putty) ஒட்டப்பட்டிருக்கும். தலைமூடியைத் திறந்து உள்ளிருந்தே எடுக்க வேண்டும், வெளியிலிருந்து கிண்டினால் இமை வண்ணம் போய்விடும். மடியில் மெத்தென்ற துண்டு விரித்து, தலையை அதன் மேல் வைத்துக்கொள்ளுங்கள். வெளுத்த ரெசினில் அடர்நிற விக் கறை விடக்கூடும் என்பதால் உள்ளே ஒரு சிலிக்கோன் தொப்பி போடுவது நல்லது. விக் நகராமலும் இருக்கும்.

ஃபேஸ்அப் கீறிவிட்டால் பொம்மை போனதா?

போகவில்லை. முழுவதும் அழித்துவிட்டுப் புதிதாக வரையலாம். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைப் பஞ்சில் தொட்டுத் துடைத்தால் பழைய வண்ணம் வந்துவிடும். அசிட்டோன் உள்ள நகப்பூச்சு நீக்கியைப் பயன்படுத்தாதீர்கள், அது ரெசினின் மேற்பரப்பையே தின்னும். நீங்களே வரையலாம், வரைந்து கொடுக்கும் கலைஞர்களிடமும் தலையை மட்டும் அனுப்பலாம்.

நீங்களே செய்வதானால் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். பெரும்பாலோர் பயன்படுத்தும் மிஸ்டர் சூப்பர் கிளியர் போன்ற ஸ்ப்ரேக்கள் கரைப்பான் கலந்தவை, நுரையீரலுக்குக் கெடுதல். மருத்துவ முகக்கவசம் போதாது. கரிம ஆவியைத் தடுக்கும் வடிகட்டி பொருத்திய ரெஸ்பிரேட்டர் வேண்டும், திறந்த இடமும் வேண்டும். ரெசினை உப்புத்தாளால் தேய்ப்பதானாலும் தண்ணீரில் நனைத்துத்தான் தேய்க்க வேண்டும், முகக்கவசத்தோடு. காற்றில் ஈரம் அதிகமான நாளில் ஸ்ப்ரே அடித்தால் வெள்ளையாகப் பனி படர்ந்தது போல் ஆகிவிடும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழையில் இந்த வேலையைத் தொடாதீர்கள்.

என் பொம்மை நிற்காமல் சரிகிறது, இல்லையென்றால் காலை உதைத்துக்கொண்டு விழுகிறது. கெட்டுவிட்டதா?

எலாஸ்டிக்தான் காரணம். தளர்ந்தால் சரியும், அளவுக்கு மீறி இறுகினால் மூட்டு தானாக நிமிர்ந்து உதைக்கும். புதுப் பொம்மைகள் உதைப்பது சகஜம்.

வழக்கமான அமைப்பு இது. ஒரு நீளமான வளையம் கழுத்துக் கொக்கியிலிருந்து தொங்கி, உடம்பு வழியாக இறங்கி, இரண்டு கால்களிலும் பிரிந்து பாதங்களில் முடியும். இன்னொரு வளையம் மார்பின் குறுக்கே ஒரு மணிக்கட்டிலிருந்து மறு மணிக்கட்டுவரை போகும். கயிறு மாற்றுவது கஷ்டமான வேலையில்லை, பொறுமை வேண்டிய வேலை. பழைய கயிற்றை வெட்டுவதற்கு முன்னால் எது எங்கே போகிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். வெட்டும்போது பாகங்கள் சிதறாமல் இருக்க மெத்தையின் மேல் வைத்துச் செய்யுங்கள். வளைத்த கம்பி ஒன்று இருந்தால் கயிற்றைக் குழாய்க்குள் இழுக்கச் சுலபம்.

மூட்டு வழுக்குகிறது என்றால் குழியின் உட்புறம் மெல்லிய ஸ்வேட் தோலை வெட்டி ஒட்டுவார்கள். உராய்வு கூடி, வைத்த நிலையில் நிற்கும். இதைச் செய்த பொம்மையைக் கையில் பிடித்துப் பார்த்தால் வித்தியாசம் உடனே தெரியும். தலையைச் சற்றே சாய்த்து, ஒரு தோளை உயர்த்தி, எடையை ஒரு காலில் போட்டு நிறுத்தினால் அப்படியே நிற்கும். ஆறு மாதமாக நேராக விறைத்துக்கொண்டிருந்த பொம்மைக்கு அந்த ஒரு அசைவில் உயிர்க்களை வந்துவிடுகிறது. இதற்காகத்தான் எடுத்து விளையாடுங்கள் என்று திரும்பத் திரும்பச் சொல்கிறேன்.

விழுந்து விரல் ஒடிந்துவிட்டது. என்ன செய்ய?

முதலில் ஒடிந்த துண்டைத் தேடி எடுங்கள். சுத்தமான முறிவு என்றால் சூப்பர் குளூவோ எப்பாக்ஸியோ வைத்து ஒட்டலாம். கோடு தெரியாத அளவுக்கே ஒட்டும். பல நிறுவனங்கள் கைகளைத் தனியாக விற்கின்றன. அதே நிறத்தில் கேட்டாலும் உங்களுடைய பழைய ரெசினும் புதுக் கையும் சற்று மாறுபடும் என்பதற்குத் தயாராக இருங்கள்.

விழாமல் பார்ப்பதுதான் புத்திசாலித்தனம். டைல்ஸ் தரையும் மொசைக் தரையும் ரெசினுக்கு இரக்கம் காட்டாது. நிற்க வைத்து விளையாடும் இடத்தில் ஒரு ஜமுக்காளத்தை மடித்துப் போடுங்கள். பக்கத்தில் ஆள் இல்லாதபோது தாங்கி இல்லாமல் நிற்க வைக்காதீர்கள். உட்கார வைத்துவிட்டுப் போங்கள். மின்விசிறிக்கு நேர்க்கீழே நீளமான கவுனோடு நிற்கும் பொம்மை விழும்.

வெளியே கொண்டுபோய்ப் படம் எடுக்கலாமா?

தாராளமாக. காலை, மாலை வெளிச்சம்தான் படத்துக்கும் நல்லது, ரெசினுக்கும் நல்லது. ஒரு மணி நேர வெளிச்சத்தில் பொம்மை மஞ்சளாகிவிடாது. வருடக்கணக்கில் சேர்வதுதான் கணக்கு. முகத்துக்கு ஒரு முகக்காப்பு மாட்டி, மென்மையான துணியில் சுற்றி எடுத்துப் போங்கள். கடற்கரை என்றால் மணல் மூட்டுக்குள் போய் உரசும், கீழே துணி விரித்து உட்கார வையுங்கள். வெயிலில் நிறுத்திய காருக்குள் மட்டும் விட்டுவிட்டுப் போகாதீர்கள். மெல்லிய பாகங்கள் வளையும், மூட்டுக்குள் ஒட்டியது கழலும்.

வீட்டுக்கு வரும் குழந்தைகள் கேட்டால்?

பெரும்பாலான நிறுவனங்கள் இவற்றைப் 14 அல்லது 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு என்றே சொல்கின்றன. அதற்குக் காரணம் விலை மட்டும் இல்லை. தலைமூடியிலும் சில சின்னப் பொம்மைகளின் கைகால்களிலும் சிறு காந்தங்கள் இருக்கும். இரண்டு காந்தங்களை ஒரு குழந்தை விழுங்கினால் குடலுக்குள் ஒன்றையொன்று இழுத்துத் துளையே போட்டுவிடும். சின்னக் குழந்தை இருக்கும் வீட்டில் பொம்மை உயரத்தில், மூடிய கதவுக்குப் பின்னால்தான் இருக்க வேண்டும்.

எட்டு, பத்து வயதுப் பிள்ளை ஆசையாகக் கேட்டால் நீங்கள் பக்கத்தில் உட்கார்ந்து, மடியில் வைத்துக்கொடுத்து, விக்கை வாரச் சொல்லலாம். வெறுமனே 'தொடாதே' என்பதைவிட எங்கே பிடிக்கலாம் என்று காட்டிக்கொடுத்தால் பிள்ளைகள் நம்மைவிட ஜாக்கிரதையாகப் பிடிக்கிறார்கள்.

நம் ஊர் வெப்பத்திலும் ஈரத்திலும் எப்படிச் சேமித்து வைப்பது?

வெளிச்சம் புகாத பீரோ, வெளிச்சுவரில் ஒட்டாமல், சமையலறையிலிருந்து தள்ளி. உள்ளே சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் போட்டு, ஈரம் ஏறியதும் மாற்றுங்கள். கொக்கிகள் துருப்பிடித்தால் ரெசினில் பழுப்புக் கறை இறங்கும். பொம்மையைக் கழுவினால் பிரித்துக் கழுவி, உள்வெற்றிடம்வரை காய்ந்த பிறகுதான் திரும்பக் கோக்க வேண்டும்.

கொலு பொம்மைகளைச் சுற்றுகிற பழக்கத்தில் இதையும் செய்தித்தாளில் சுற்றிவிடாதீர்கள், அச்சு மை ஒட்டிக்கொள்ளும். துவைத்த வெள்ளைப் பருத்தித் துணியோ அமிலமில்லாத டிஷ்யூ தாளோ சரி. பொம்மைப் பெட்டிக்குள் அந்துருண்டை போடாதீர்கள், அதன் ஆவி சில பிளாஸ்டிக்குகளைக் கெடுக்கும். ஆட்டு ரோமத்தில் செய்த மொஹேர் விக்கும் கம்பளி உடையும்தான் பூச்சிக்கு இரை என்பதால் அவற்றைக் காற்றுப் புகாத தனி டப்பாவில் வையுங்கள்.

விளையாடினால் விற்கும் விலை குறையுமா?

குறையலாம். பழைய பொம்மை வாங்குபவர் முகத்து வண்ணம், மஞ்சள், சில்லு, கறை, அசல் பெட்டி, உண்மைச் சான்றிதழ் எல்லாம் பார்ப்பார். சான்றிதழையும் பெட்டியையும் பத்திரப்படுத்துங்கள், அதற்குச் செலவில்லை. விற்கும்போது குறைகளை ஒளிக்காமல் பகல் வெளிச்சத்தில் படம் எடுத்துக் காட்டுங்கள்.

ஆனால் என்றாவது விற்கலாம் என்பதற்காக இன்று தொடாமல் இருப்பது சரியான கணக்காக எனக்குத் தோன்றவில்லை. ஒரு சில அரிய வெளியீடுகளைத் தவிர மற்றவை முதலீடாக வாங்கத் தக்கவை அல்ல. நிறுவனம் அதே தலையை மறுபடி வெளியிட்டால் விலை சரியும். முகத்தை மறுபடி வரையலாம், கயிற்றை மாற்றலாம், கறையைப் பெரும்பாலும் எடுக்கலாம். விளையாட்டில் நேர்கிற சேதத்தில் அதிகமானவற்றுக்குச் சிகிச்சை உண்டு.

தொடாமல் வைக்க வேண்டிய பொம்மையே கிடையாதா?

உண்டு. பீங்கான் பந்துமூட்டு பொம்மைகள் முதலில் வருபவை. கனடாவில் மரீனா பிச்கோவா செய்யும் 'என்சான்டட் டால்' போன்றவை அசையக்கூடியவைதான், ஆனால் ஒருமுறை இடித்தால் திரும்ப வராது. கையில் எடுத்தாலும் மெத்தைக்கு மேலே, உட்கார்ந்துகொண்டு எடுக்க வேண்டும்.

அடுத்து, மறைந்த அல்லது வரைவதை நிறுத்திய கலைஞர் ஒருவர் வரைந்த முகம். அதை அழித்தால் இன்னொன்று கிடைக்காது. அப்படிப்பட்ட தலையை இருட்டில் பத்திரப்படுத்திவிட்டு, அந்த உடம்புக்கு வேறு தலை வாங்கி மாட்டி விளையாடுபவர்கள் உண்டு. எனக்குப் பிடித்த தீர்வு அது.

பழகுவதற்கு மலிவான போலிப் பொம்மை வாங்கலாமா?

வாங்காதீர்கள். அசல் பொம்மையை அச்செடுத்து வார்த்து விற்பது சிற்பியின் உழைப்பைத் திருடுவது. பழகத்தான் வேண்டும் என்றால் விலை குறைந்த அசல் பொம்மைகள் சீன நிறுவனங்களிடம் கிடைக்கின்றன. அதைவிட நல்ல வழி, மஞ்சளான, முகம் அழிந்த பழைய அசல் பொம்மையை ஒருவரிடமிருந்து வாங்குவது. விலையும் குறைவு, கெட்டுவிடுமோ என்ற பதற்றமும் இருக்காது. கயிறு மாற்றவும் முகம் வரையவும் அதில் கற்றுக்கொள்ளலாம்.

இன்னொருவர் பொம்மையைத் தொடலாமா?

கேட்டுவிட்டுத்தான். சரி என்றால் இரண்டு கையாலும் வாங்குங்கள், முகத்தில் கைபடாமல். உடையைத் தூக்கிப் பார்ப்பதற்கும், நிலையை மாற்றுவதற்கும், விக்கைச் சரிசெய்வதற்கும் மறுபடி ஒருமுறை கேட்க வேண்டும். வேண்டாம் என்று சொன்னால் காரணம் கேட்காதீர்கள். உங்கள் பொம்மையை ஒருவர் கேட்கும்போதும் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு, கூச்சப்பட வேண்டியதில்லை.